பேனரில் 9.99 லட்சம், பில்லில் 19 லட்சம்: ஆஃப்-ரோடு வண்டி வாங்கும் முன் ஒரு வேரியன்ட் கணக்கு



ஷோரூம் வாசலில் இருக்கும் பேனரை ஒரு நிமிஷம் நின்னு பாருங்க. சேறு தெறிக்க, பாறை மேல் ஒரு சக்கரத்தைத் தூக்கிக்கிட்டு வண்டி நிற்கும். அதுக்குக் கீழே பெரிய எழுத்தில் "9.99 லட்சம் முதல்". பாறை ஏறும் அந்த வண்டியும், 9.99 லட்சம் ரூபாய் வண்டியும் ஒரே வண்டி கிடையாது. ரெண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரம்தான் இன்னைக்குப் பதிவு.

மஹிந்திரா தாரை எடுத்துக்கலாம், ஏன்னா உங்களில் பாதிப் பேர் கேட்டது அதைத்தான். 2025 அக்டோபரில் புதுப்பித்து விட்ட மூணு கதவு தாரில் வேரியன்ட் பெயர் ரெண்டே ரெண்டு: ஏஎக்ஸ்டி, எல்எக்ஸ்டி. கேட்க எளிமையா இருக்குல்ல? ஆனா எல்எக்ஸ்டிக்குள்ளயே எஞ்சின், கியர்பாக்ஸ், டிரைவ் என்று பல கிளை. அறிமுகமான அன்று எக்ஸ்-ஷோரூம் விலை இப்படி: ஏஎக்ஸ்டி 1.5 டீசல், பின்சக்கர இயக்கம், மேனுவல் 9.99 லட்சம். அதே எஞ்சினில் எல்எக்ஸ்டி 12.19 லட்சம். 2.2 டீசல் 4×4 மேனுவல் எல்எக்ஸ்டி 15.49 லட்சம். அதுலயே ஆட்டோமேட்டிக் 16.99 லட்சம்.

இப்ப நடுவில் இருக்கும் ரெண்டு விலையை மட்டும் பாருங்க. 12.19 மற்றும் 15.49. வித்தியாசம் 3.30 லட்சம். ஷோரூமில் என்ன சொல்வாங்க? "சார், பெரிய எஞ்சின், 4×4 கியர், அதுக்குத்தான் இந்த 3.30." பாதி கூட உண்மை இல்லை.

2025 செப்டம்பர் 22 முதல் பெட்ரோல், டீசல் கார்களுக்கு ஜிஎஸ்டி ரெண்டே விகிதம். 4 மீட்டருக்குள் நீளம், பெட்ரோல் என்றால் 1200 சிசிக்குள், டீசல் என்றால் 1500 சிசிக்குள் இருந்தால் 18 சதவீதம். இதைத் தாண்டினால் 40. பழைய செஸ் கிடையாது. தார் நீளம் 3985 மில்லிமீட்டர், 1.5 டீசல் எஞ்சின் 1497 சிசி. ரெண்டும் கோட்டுக்கு ஒரு விரல்கடை உள்ளே. இது தற்செயல் இல்லீங்க. 2023 ஜனவரியில் இந்த பின்சக்கர டீசலை முதன்முதலா இறக்கினப்பவே வரிக் கோட்டைப் பார்த்துதான் அளவெடுத்துத் தைச்சாங்க. அப்ப அதுக்கு 28 ஜிஎஸ்டியும் 3 செஸ்ஸும் சேர்ந்து 31 சதவீதம், இப்ப 18.

2.2 டீசல்? நீளம் அதே 3985தான். ஆனா எஞ்சின் 2184 சிசி. நேரா 40.

ஆக, எக்ஸ்-ஷோரூம் விலைக்குள் ஒளிஞ்சிருக்கும் ஜிஎஸ்டியைப் பிரிச்சுப் போடலாம். 12.19 லட்சத்தை 1.18ஆல் வகுத்தால் வரிக்கு முந்தைய விலை 10.33 லட்சம், வரி 1.86 லட்சம். 15.49 லட்சத்தை 1.40ஆல் வகுத்தால் 11.06 லட்சம், வரி 4.43 லட்சம். வண்டியோட விலையில் வித்தியாசம் வெறும் 73 ஆயிரம் சொச்சம். மீதி 2.57 லட்சம் அரசாங்கத்துக்குப் போகும் ஜிஎஸ்டி. பெரிய எஞ்சின், டிரான்ஸ்ஃபர் கேஸ், முன்பக்க ஆக்ஸில் எல்லாத்துக்கும் சேர்த்து கம்பெனி பக்கம் போறது 73 ஆயிரம்.

இதே கணக்கைப் பெட்ரோலுக்குப் போட்டால் வேற கதை. 2 லிட்டர் பெட்ரோல் ஆட்டோமேட்டிக்: பின்சக்கர இயக்கம் 13.99, 4×4 16.25. எஞ்சின் அதே, கியர்பாக்ஸ் அதே, ரெண்டுமே 40 சதவீத வரி. வரியைக் கழிச்சா 9.99 லட்சமும் 11.61 லட்சமும். வெறும் 4×4 மட்டும் 1.61 லட்சம்! டீசலில் எஞ்சினையும் மாத்தி 4×4உம் கொடுத்து 73 ஆயிரம், பெட்ரோலில் 4×4 மட்டுமே 1.61 லட்சம். விலை ஒட்டுறது செலவைப் பார்த்து இல்ல, அந்த இடத்தில் நிற்கும் ஆள் எவ்வளவு கொடுப்பார் என்று பார்த்து. இது தப்புன்னு நான் சொல்லலை, வியாபாரம் அப்படித்தான். "இந்த வசதிக்கு இந்த விலை" என்று பிராஷரில் போட்ட வரிசையை நீங்க வேதவாக்கா எடுத்துக்க வேண்டாம், அவ்வளவுதான்.

பத்து லட்சம் என்கிற கோடு

இதுவரை பேசினது எக்ஸ்-ஷோரூம். தமிழ்நாட்டில் வண்டியைப் பதிவு பண்ணும்போது ஆயுள் வரி கட்டணும். 2023 நவம்பரில் உயர்த்தின பிறகு 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம், 20 லட்சத்துக்கு மேல் 20 சதவீதம். வருமான வரி மாதிரி கூடுதல் தொகைக்கு மட்டும் கூடுதல் விகிதம் என்று நினைக்காதீங்க. மொத்த விலைக்கும் அந்த விகிதம்தான்.

அதனால 9.99 லட்சம் வண்டிக்கு ஆயுள் வரி 1,29,870 ரூபாய். ஒரு பேச்சுக்கு அதே வண்டி 10.01 லட்சம் என்றால் 1,80,180. விலையில் ரெண்டாயிரம், வரியில் ஐம்பதாயிரம். பத்து லட்சத்தைத் தாண்டினா டீலர் 1 சதவீதம் டிசிஎஸ் வேற பிடிப்பார். இந்த டிசிஎஸ் செலவு இல்லை, உங்க பான் கணக்கில் வரவு. 26ஏஎஸ்ஸில் தெரியும், ரிட்டர்னில் திரும்ப வாங்கலாம். 2024 அக்டோபரில் இருந்து சம்பளக்காரர்கள் இதை 12பிஏஏ படிவத்தில் கம்பெனிக்குத் தெரிவிச்சா மாசாமாசம் பிடிக்கும் டிடிஎஸ்ஸில் கழிச்சுக்குவாங்க. நிறையப் பேர் ரிட்டர்னில் இதை எடுக்காமலேயே விட்டுடறாங்க, 12 ஆயிரம், 15 ஆயிரம் ரூபாய் சும்மா தூங்குது.

ஆக காப்பீடு சேர்க்காமல், தமிழ்நாட்டு ஆயுள் வரியும் டிசிஎஸ்ஸும் சேர்த்தால்: ஏஎக்ஸ்டி 11.29 லட்சம். எல்எக்ஸ்டி 1.5 டீசல் 14.50 லட்சம். எல்எக்ஸ்டி 2.2 டீசல் 4×4 18.43 லட்சம். பேனரில் 2.20 லட்சமா தெரிஞ்ச முதல் படி 3.21 ஆகிவிட்டது. 3.30ஆகத் தெரிஞ்ச ரெண்டாவது படி 3.93 ஆகிவிட்டது.

காப்பீட்டிலும் இந்த எஞ்சின் கோடு வரும். புது காருக்கு மூணு வருஷ மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். 1000 முதல் 1500 சிசி வரை 10,640 ரூபாய், 1500க்கு மேல் 24,596 ரூபாய், ரெண்டுக்கும் மேல 18 சதவீத ஜிஎஸ்டி. சொந்த சேதக் காப்பீடு வண்டி விலையைப் பொறுத்தது. டீலர் தரும் காப்பீட்டைத்தான் எடுக்கணும்னு எந்தச் சட்டமும் இல்லை. வெளியில் ஒரு கோட் வாங்கிக் கையில் வச்சுக்கிட்டுப் பேசுங்க, எண்ணே இறங்கும்.

ஒரு உண்மைக் கணக்கு

சில மாசத்துக்கு முன்னாடி ஒரு தம்பி வந்தார். கோயம்புத்தூர்க்காரர், வயசு 27, மென்பொருள் வேலை, கையில் வர்ற சம்பளம் 74,000. தார் 4×4 டீசலுக்கு 21,000 புக்கிங் கட்டியாச்சு. வந்ததே "அண்ணா, ஏழு வருஷ லோன் நல்லதா, அஞ்சு வருஷமா?" என்று கேட்கத்தான். கோட்டேஷனில் காப்பீடு 78,000. மொத்தம் 19.2 லட்சம். முன்பணம் 4.2 லட்சம், லோன் 15 லட்சம். 9 சதவீதத்தில் ஏழு வருஷம் என்றால் இஎம்ஐ 24,134.

முன்பணம் எங்கிருந்துன்னு கேட்டேன். "அப்பாவோட எஃப்டி அண்ணா. அவரே உடைச்சுத் தர்றேன்னு சொல்லிட்டார்."

அப்பா ஒரு மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பென்ஷன் பெரிசா இல்லை. அந்த எஃப்டி வட்டியில்தான் ரெண்டு பேருக்கும் மருந்து மாத்திரை. இதைச் சொல்லும்போதே தம்பி குரல் கொஞ்சம் இறங்கிடுச்சு. நான் ஒண்ணும் சொல்லலை. தாளில் மூணு பத்தி கோடு போட்டு எழுத ஆரம்பிச்சேன்.

இஎம்ஐ 24,134. மாசம் 800 கிலோமீட்டர் ஓட்டுவார், லிட்டருக்கு 12 வச்சுக்கிட்டா டீசல் 6,100 ரூபாய். ஆக சர்வீஸுக்கும் அடுத்த வருஷக் காப்பீட்டுக்கும் முன்னாடியே 30,000 போச்சு. சம்பளத்தில் நாற்பது சதவீதம். அவரோட வீட்டு வாடகை, வீட்டுக்கு அனுப்புற பணம், எஸ்ஐபி எல்லாம் மீதியில் அடங்கணும்.

அடுத்து கேட்டேன்: 4×4 லீவரை எங்க போடப் போறீங்க? வால்பாறை, கொல்லிமலை, வருஷத்துக்கு ஒரு தடவை லடாக் கனவு. வால்பாறைக்கும் கொல்லிமலைக்கும் அரசுப் பேருந்து போகுது. தார் ரோடு. கொண்டை ஊசி வளைவுக்கு வேணும்ங்கிறது நல்ல பிரேக்கும் நல்ல டயரும். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் வண்டியை இறக்கினா வனத்துறை வழக்கு வரும், 4×4 அதில் இருந்து காப்பாத்தாது. கொழுக்குமலை மாதிரிக் கல்லு ரோட்டுக்கு உள்ளூர் ஜீப்தான் போகும், அதுக்கு உங்க வண்டி தேவையே இல்லை.

"சென்னைக்கு மாற்றல் வந்தா வெள்ளத்துக்கு உதவும்ல?" என்றார். வெள்ளத்தில் உதவுறது வண்டியோட உயரம். தாரின் தரை இடைவெளி 226 மில்லிமீட்டர், எந்த டிரைவ் எடுத்தாலும் உயரமான வண்டிதான். எஞ்சினுக்குள் தண்ணி போயிட்டா 4×4க்கும் சாதா காருக்கும் ஒரே கதி. சாதாரணக் காப்பீடு அதைக் கொடுக்காது, எஞ்சின் புரொடக்ட் என்கிற கூடுதல் கவர் வேணும். சில ஆயிரத்தில் முடியும் விஷயத்துக்கு நாலு லட்சம் செலவழிக்க வேண்டாம்.

கடைசியாக் காட்டின கணக்குதான் அவரை உட்கார வச்சது. பின்சக்கர எல்எக்ஸ்டிக்கும் 4×4க்கும் நடுவில் இருக்கும் 3.93 லட்சத்தை மட்டும் 9 சதவீதத்தில் அஞ்சு வருஷ லோனாப் பார்த்தா மாசம் சுமார் 8,150 ரூபாய். மொத்தம் 4.89 லட்சம் கட்டுவீங்க. இதே 8,150 இஎம்ஐ உங்க பெயரில் ஓடிக்கிட்டிருக்கும்போது வீட்டுக் கடன் கேட்டா, வங்கி அதை உங்க தகுதியில் கழிக்கும். 8.5 சதவீதம், 20 வருஷம் என்று வச்சுக்கிட்டா ஏறத்தாழ 9.4 லட்சம் வீட்டுக் கடன் தகுதி குறையும். 4×4 லீவர் ஒண்ணு, வீட்டில் ஒரு அறையைத் தூக்கிட்டுப் போகுது. அவருக்கு ரெண்டு வருஷத்தில் வீடு வாங்கும் திட்டம் இருந்தது.

ரெண்டு வாரம் கழிச்சு புக்கிங்கை ஏஎக்ஸ்டிக்கு மாத்தினார். அப்பா எஃப்டியைத் தொடலை. சொந்த சேமிப்பு 2.5 லட்சம் போட்டு, 9.3 லட்சம் லோன், அஞ்சு வருஷம், இஎம்ஐ 19,300. உண்மையைச் சொல்லணும்னா 74,000 சம்பளத்துக்கு என் கணக்கில் இதுவே கொஞ்சம் அதிகம்தான். ஆனா ஸ்கூல் நாளில் இருந்து ஆசைப்பட்ட வண்டி. ஆசைக்கு விலையே இல்லைன்னு சொல்ற கணக்கர் நான் இல்லை, அது எவ்வளவுன்னு தெரிஞ்சு கொடுங்கன்னுதான் சொல்றேன்.

ராக்ஸில் ஏணி, ஜிம்னியில் ரெண்டே படி

அஞ்சு கதவு தார் ராக்ஸ் 2024 ஆகஸ்டில் வந்தப்ப "12.99 லட்சம்" என்றுதான் ஊர் முழுக்கப் பேச்சு. அந்த அக்டோபர் 3ஆம் தேதி புக்கிங் திறந்த முதல் ஒரு மணி நேரத்தில் 1,76,218 பேர் புக் பண்ணினாங்க. 12.99 என்பது எம்எக்ஸ்1 பெட்ரோல் மேனுவல், பின்சக்கர இயக்கம். 4×4 வேணும்னா டீசல் மட்டும்தான், அதுவும் எம்எக்ஸ்5இல் தொடங்கி 18.79 லட்சம். உச்சியில் இருக்கும் ஏஎக்ஸ்7எல் 4×4 ஆட்டோமேட்டிக் 22.49. எல்லாம் அறிமுக விலை, ஜிஎஸ்டி மாறின பிறகு இறங்கியிருக்கு. ராக்ஸ் 4 மீட்டரைத் தாண்டின வண்டி, அதனால எந்த எஞ்சின் எடுத்தாலும் 40 சதவீதம். மூணு கதவு தாரில் இருக்கும் வரிப் பள்ளம் இங்க இல்லை.

இங்க ஆபத்து ஏணி. டீசல் மேனுவலில் 13.99, 15.99, 16.99, 18.99 என்று படி படியா. ஒவ்வொரு படியிலும் "இன்னும் ஒரு லட்சம்தானே" என்று ஒரு குரல் கேட்கும். 14க்குப் போனவர் 19இல் வந்து நிற்பார், வழியில் எங்கேயும் பெரிய முடிவு எடுத்த மாதிரியே இருக்காது.

ஒரு சுவாரஸ்யம். 16.99 லட்சத்துக்கு ரெண்டு டீசல் மேனுவல் ராக்ஸ் வச்சிருந்தாங்க. எம்எக்ஸ்5இல் சன்ரூஃப், அலாய் வீல், லெதரெட் சீட். ஏஎக்ஸ்3எல்லில் லெவல் 2 அடாஸ், டிஜிட்டல் கிளஸ்டர். ஒரே விலை, ஒண்ணு கண்ணுக்கு, ஒண்ணு ஹைவேக்கு. பெரும்பாலானவங்க கை சன்ரூஃபுக்குத்தான் போகும். நான் ஒரு வழி வச்சிருக்கேன்: பின்னால் கடையில் போட முடிஞ்சதுக்கு வேரியன்ட் ஏறாதீங்க. அலாய், சீட் கவர், டச்ஸ்கிரீன், கேமரா எல்லாம் வெளியில் கிடைக்கும் (வயரை வெட்டாத ஆளாப் பார்த்துப் போடுங்க, வாரன்டி பிரச்சினை வரும்). ஏர்பேக், இஎஸ்பி, அடாஸ், கியர்பாக்ஸ், இதெல்லாம் பிறகு போட முடியாது. பணம் ஏத்தணும்னா அங்க ஏத்துங்க.

உண்மையாவே 4×4 வேணும், எஸ்டேட்டில் வேலை, மலைக்கிராமத்தில் வீடு, மழைக்காலத்தில் மண் ரோடு என்கிறவங்களுக்கு மாருதி ஜிம்னியைப் பாருங்க. 2023 ஜூனில் வந்தது. ஸீட்டா, ஆல்ஃபா என்று ரெண்டே வேரியன்ட், ரெண்டிலும் லோ ரேஞ்சோட 4×4, ரெண்டிலும் ஆறு ஏர்பேக். 2023இல் அறிமுகமானப்ப ஸீட்டா மேனுவல் 12.74, ஆல்ஃபா மேனுவல் 13.69. அந்த 95 ஆயிரம் முழுக்க அலாய், பெரிய ஸ்கிரீன், குரூஸ் கண்ட்ரோல் மாதிரி சௌகரியத்துக்கு. மலை ஏறும் திறமை கீழ்ப் படியிலேயே முழுசா இருக்கு. ஃபோர்ஸ் கூர்க்கா இன்னும் நேர்மை: வேரியன்ட் ஏணியே இல்லை, 4×4உம் முன்பின் டிஃபரன்ஷியல் லாக்கும் எல்லா வண்டியிலும் உண்டு. 2024இல் மூணு கதவு 16.75, அஞ்சு கதவு 18 லட்சம். தினமும் ஆபீஸ் ஓட்ட நான் சிபாரிசு பண்ண மாட்டேன்.

ஜிம்னியில் இன்னொரு பாடம் இருக்கு. 12.74க்கு வந்த வண்டி, விற்பனை மந்தமானதும் அதே 2023 டிசம்பரில் தண்டர் எடிஷன் என்ற பெயரில் 10.74இல் தொடங்கியது. ஜூனில் ஆசையா முதல் ஆளா வாங்கினவர் ஆறு மாசத்தில் ரெண்டு லட்சம் இழந்தார், வண்டியில் ஒரு கீறல் கூட விழாமல். பழைய வண்டி வாங்குறவர் நீங்க என்ன விலை கொடுத்தீங்கன்னு பார்க்க மாட்டார், இன்னைக்குப் புதுசு என்ன விலைன்னு பார்ப்பார். நீங்க கட்டின ஆயுள் வரியையும் அவர் தனியாத் திருப்பித் தர மாட்டார். (இதே ஜிம்னியை இங்கிருந்து ஜப்பானுக்கு அனுப்பினா, 2025 ஜனவரியில் சில நாளில் 50,000 புக்கிங் குவிஞ்சு, புக்கிங்கையே நிறுத்த வேண்டியதாச்சு. ஊருக்கு ஊர் ருசி.)

கம்பெனி கார் லீஸ் இருக்கிறவங்களுக்கு மட்டும் ஒரு வரி: பெர்குவிசிட் மதிப்பு 1.6 லிட்டர் எஞ்சினை எல்லையா வச்சு மாறும். அதனால 1.5 டீசலுக்கும் 2.2 டீசலுக்கும் அங்கேயும் வித்தியாசம் உண்டு. எச்ஆரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்க. தனி வீடியோ போடுறேன்.

ஷோரூமுக்குப் போகும்போது ஒரே தொகையா "ஆன்-ரோடு 19.7" என்று எழுதின சீட்டை வாங்காதீங்க. எக்ஸ்-ஷோரூம், ஆயுள் வரி, டிசிஎஸ், காப்பீடு, ஃபாஸ்டேக், அக்சஸரி, ஹேண்ட்லிங் என்று தனித்தனி வரியா கேளுங்க. அந்தத் தம்பியோட கோட்டேஷனில் அக்சஸரி கிட் என்று 45,000 இருந்தது. அதில் மேட்டும் மட்ஃபிளாப்பும் தவிர உருப்படியா ஒண்ணும் இல்லை, வேண்டாம்னதும் எடுத்துட்டாங்க. ஹேண்ட்லிங் சார்ஜுக்கு ரசீது கேட்டுப் பாருங்க, பெரும்பாலும் அந்த வரியே காணாமப் போயிடும்.

இன்னொண்ணு, காத்திருப்புக் காலம் இருக்கும் வண்டிகளில் இதைப் புக்கிங் படிவத்திலேயே சின்ன எழுத்தில் போட்டிருப்பாங்க: நீங்க கொடுக்கப் போறது புக் பண்ணின அன்னைக்கு இருந்த விலை இல்ல, பில் போடும் அன்னைக்கு இருக்கும் விலை. அதனால லோன் சேங்ஷனை வண்டி வர்ற தேதி உறுதியான பிறகு வாங்குங்க, புக்கிங் ரத்து பண்ணினா எவ்வளவு பிடிப்பாங்க என்பதையும் அதே படிவத்தில் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுங்க.